விலைப் புத்தகமும் வலைப் பக்கமும்

1993-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் ஸியர்ஸ் ரோபக் கம்பெனியார் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். சுமார் ஒரு நூற்றாண்டாகத் தாங்கள் அச்சிட்டு வந்த பெரிய விலைப் புத்தகத்தை, அதாவது கேட்டலாக்கை, இனிமேல் அச்சிடப் போவதில்லை என்பது அந்த அறிவிப்பு. கூடவே 113 கடைகளை மூடுவதாகவும், 50,000 பேருக்கு வேலை இராது என்றும் சொன்னார்கள். அதே வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி, ஜினீவா நகரத்துக்குப் பக்கத்திலுள்ள செர்ன் என்ற அணு ஆராய்ச்சிக் கூடத்தார் வேறோர் அறிவிப்பு வெளியிட்டார்கள். தங்கள் கூடத்தில் பிறந்த 'உலகளாவிய வலை' என்னும் ஏற்பாட்டை யார் வேண்டுமானாலும் காலணா கொடுக்காமல் எடுத்து உபயோகித்துக் கொள்ளலாம் என்பது அது.

இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவே 95 நாள். வீட்டில் உட்கார்ந்தபடி சாமான் வாங்கும் பழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் முதன்மையான கம்பெனி கடையைக் கட்டிய அதே வருஷத்தில்தான், அந்தப் பழக்கத்துக்கு ஒரு புதிய கதவு திறந்தது. நான் ஒரு நாவலில் இப்படி எழுதியிருந்தால், "யதேச்சை அதிகம்" என்று குறிப்பெழுதிப் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். சரித்திரத்துக்கு அந்த மாதிரி பயமெல்லாம் கிடையாது.

வியாபார சரித்திரத்தில் ஒரு கதாசிரியனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அக்கறை வியாபாரத்தில் இல்லை. அந்தப் புத்தகத்தில் இருந்த எழுத்தில். முகம் தெரியாத ஓர் ஆளுக்கு, பல நூறு மைலுக்கு அப்பால், கண்ணால் பார்க்காத ஒரு பொருளைப் பற்றி எழுதி, அவரை நம்ப வைத்து, பையிலிருந்து பணத்தை எடுக்கச் செய்ய வேண்டும். நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதே தொழில்தான். நாங்கள் விற்பது பொய் என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படிப்பட்ட எழுத்து காகிதத்தை விட்டுக் கண்ணாடித் திரைக்குக் குடி பெயர்ந்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பதே நான் சொல்ல வந்த சங்கதி.

கதை ஒரே ஒரு தாளில் ஆரம்பிக்கிறது. ஆரன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்ற பிரயாண வியாபாரி. கிராமத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுப் போட்டு, அங்கே குடியானவர்கள் படும் பாட்டைப் பார்த்திருந்தார். பட்டணத்தில் ஒரு விலை. நாலு தரகர் கை மாறிக் கிராமத்துக்கு வந்து சேரும்போது வேறு விலை. கடை ஒன்றுதான், வேண்டுமானால் வாங்கு, வேண்டாமென்றால் போ. நேரே பட்டணத்திலிருந்து ரயிலில் அனுப்பினால் என்ன என்று வார்டுக்குத் தோன்றிற்று. 1871 அக்டோபரில் சிகாகோவைக் கொளுத்திய பெருந்தீ அவர் சேர்த்து வைத்த சரக்கையெல்லாம் சாம்பலாக்கியது. மனிதர் அசரவில்லை. 1872-இல் ஒரு தாளை அச்சிட்டு அனுப்பினார். அதில் 163 சாமான்கள், அவற்றின் விலை, எப்படி எழுதி வரவழைப்பது என்ற விவரம். வர்ணனை என்று ஒரு வரி கிடையாது. அடுக்கிய விலையே அதன் இலக்கியம்.

"இவ்வளவு மலிவா? இது மோசடியாகத்தான் இருக்க வேண்டும்" என்று 1873-இல் 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகை எழுதி, குடியானவர்களை எச்சரித்தது. பிறகு விசாரித்துப் பார்த்துத் தன் கூற்றை வாபஸ் வாங்கிக் கொண்டது. வார்டு கோபித்துக் கொள்ளவில்லை. அந்த வாபஸ் செய்தியையே எடுத்துத் தம்முடைய விளம்பரமாக உபயோகித்தார்! திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்ற உத்தரவாதத்தை 1875-இல் அவர் அச்சில் போட்டார். இன்று நாம் எங்கும் காணும் அந்த வாக்கியம் அன்றைக்கு ஒரு துணிச்சல். 1883-க்குள் அந்த ஒற்றைத் தாள் 240 பக்கப் புத்தகமாகி, அதில் 10,000 சாமான்கள் ஏறிவிட்டன.

அடுத்து வந்தவர்தான் நம் கதாநாயகர், அல்லது வில்லன். இரண்டுக்கும் பொருத்தமானவர். ரிச்சர்ட் ஸியர்ஸ், மினஸோட்டா மாகாணத்தில் நார்த் ரெட்வுட் என்ற சிற்றூரில் ரயில்வே ஸ்டேஷன் ஏஜெண்டு. 1886-இல் உள்ளூர் நகை வியாபாரி ஒருவர் தமக்கு வந்த கடிகாரப் பார்சலை வேண்டாமென்று திருப்பிவிட்டார். ஸியர்ஸ் அதைத் தாமே எடுத்துக் கொண்டு, அந்த ரயில் பாதையில் இருந்த மற்ற ஸ்டேஷன் ஏஜெண்டுகளுக்கு விற்றார். ஆறு மாதத்தில் லாபம் 5,000 டாலர். ஸ்டேஷன் வேலைக்கு அன்றோடு முழுக்கு. அடுத்த வருஷம் சிகாகோவுக்கு வந்தார். பழுது பார்க்க ஆள் வேண்டுமே? ஆல்வா ரோபக் என்ற கடிகாரக்காரர் சேர்ந்தார். 1893-இல் இருவர் பெயரும் பலகையில் ஏறிற்று.

ஸியர்ஸுக்குக் கடிகாரம் தெரியாது, கணக்கும் அவ்வளவாகத் தெரியாது. எழுதத் தெரியும். விலைப் புத்தகத்தின் வாசகங்களை அவரே எழுதினார். 1894-இல் வந்த புத்தகம் 322 பக்கம். உலகத்திலேயே மலிவான கடை தங்களுடையதுதான் என்று கூசாமல் போட்டுக் கொண்டார்கள். தையல் இயந்திரமும் சைக்கிளும் அடுப்பும் துப்பாக்கியும் குழந்தைச் சட்டையும் அதில் இருந்தன. 1908 முதல் 1940 வரையில் முழு வீடுகளையே மரம் அறுத்து, எண் போட்டு, ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். 70,000 வீடுகளுக்குக் குறையாமல் விற்றன என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அந்த வாசகங்களைப் படித்தால் ஸியர்ஸின் சாமர்த்தியம் தெரியும். எங்களுக்கு எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்து எப்படி இருந்தாலும் பாதகமில்லை, உங்களுக்குத் தெரிந்த விதத்தில் சொல்லுங்கள், நாங்கள் புரிந்து கொள்கிறோம் என்ற பொருளில் எழுதியிருப்பார். ஜெர்மனியிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்து, ஆங்கிலம் சரியாக வராமல், கடைக்காரன் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசிக் கொண்டிருந்த குடியானவனுக்கு இதைவிட இனிய வார்த்தை வேறு என்ன இருக்க முடியும்? தெற்கு மாகாணங்களில் இருந்த நீக்ரோ மக்களுக்கு இந்தப் புத்தகம் வேறொரு காரணத்துக்காகவும் வேண்டியிருந்தது. உள்ளூர்க் கடையில் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும் வரை ஒதுங்கி நிற்க வேண்டும். கடைக்காரன் கொடுத்ததை வாயை மூடிக் கொண்டு வாங்க வேண்டும். தபாலில் எழுதினால் நிறம் தெரியாது. கிராமத்துக் கடைக்காரர்கள் சில ஊர்களில் இந்த விலைப் புத்தகங்களைச் சேகரித்துத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள் என்றால், அவர்கள் பயந்தது மலிவு விலைக்கு மட்டும் அல்ல.

கம்பெனியைப் பற்றிச் சொல்லும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. டைப்ரைட்டர் புதிதாக வந்த காலம். வாடிக்கைக்காரர்களுக்கு அச்செழுத்தில் பதில் போனதும் சிலர் கோபித்துக் கொண்டார்களாம்: "எனக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது என்றா அச்சடித்து அனுப்புகிறீர்கள்?" அதற்காகக் கொஞ்ச காலம் கையாலேயே பதில் எழுதினார்களாம். ஒரே செய்திதான், எழுத்தின் உருவம் மாறியதும் அர்த்தம் மாறிவிட்டது. இந்தக் கட்டுரையில் பின்னால் வரப் போகிற சிக்கல் முழுவதும் இந்தச் சின்னக் கதைக்குள் அடங்கியிருக்கிறது.

ஸியர்ஸின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஸோபாவும் இரண்டு நாற்காலியும் சேர்த்து ஒரு டாலருக்கும் குறைவு என்று விளம்பரம் செய்து, பணம் அனுப்பியவர்களுக்குப் பொம்மை வீட்டுச் சாமான்களை அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. 'சிறிய அளவு' என்ற அர்த்தமுள்ள சொல் விளம்பரத்தில் இருந்ததாம், ஆனால் பூதக் கண்ணாடி வேண்டுமாம். சகல வியாதிகளையும் தீர்க்கும் மருந்துகளுக்கும், ஆண்களுக்குப் புத்துயிர் கொடுப்பதாகச் சொன்ன மின்சார அரைக்கச்சைக்கும் அவர் எழுதிய வர்ணனைகள் அபாரம். கூட்டாளியாக வந்து சேர்ந்த ஜூலியஸ் ரோஸன்வால்டுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. 1907-இல் பண நெருக்கடி வந்தபோது, இன்னும் அதிகமாக விளம்பரம் செய்ய வேண்டும் என்றார் ஸியர்ஸ். செலவைக் குறை என்றார் ரோஸன்வால்ட். 1908-இல் ஸியர்ஸ் தலைமைப் பதவியை விட்டு விலகினார். அதன் பிறகு 1911-இல் சாமான்களைச் சோதித்துப் பார்க்கக் கம்பெனியே ஒரு பரிசோதனைச் சாலை வைத்தது. கேட்டலாக்கின் வர்ணனை அடங்கி, விவரம் கூடிற்று. அலங்காரம் கழிந்த பிறகும் புத்தகம் விற்றுக் கொண்டுதான் இருந்தது என்பதை ஒரு ஞாபகத்துக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

அடக்கமாக எழுதுவதே நல்ல வியாபாரம் என்று அதற்கு முன்பே ஒருவர் கண்டு பிடித்திருந்தார். பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கரின் பெரிய கடைக்கு 1880 முதல் விளம்பரம் எழுதிய ஜான் பவர்ஸ். இவர் கடை ஆட்களிடம் போய், இந்தச் சரக்கு உண்மையில் எப்படி என்று விசாரிப்பார். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுவார். மழைக்கோட்டுப் பிரிவில் இருந்தவர், "எங்களிடம் உளுத்துப் போன மழைக்கோட்டு நிறையத் தேங்கிவிட்டது" என்று ரகசியமாகப் புலம்பினாராம். மறுநாள் பத்திரிகையில் அதே சேதி விளம்பரமாக வந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது என்பார்கள். கழுத்துப் பட்டையைப் பற்றி எழுதும்போது, பார்க்க இருக்கும் அளவுக்கு நல்லதில்லை, ஆனால் விலைக்குப் போதும் என்ற தோரணையில் எழுதினாராம். முதலாளிக்கும் இவருக்கும் ஓயாமல் சண்டை. இருக்காதா பின்னே?

இங்கே கொஞ்சம் காகிதக் கணக்குப் பார்க்க வேண்டும். விலைப் புத்தகத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் விலை உண்டு. பக்கம் கூடினால் காகிதம் கூடும். காகிதம் கூடினால் எடை கூடும். எடை கூடினால் தபால் செலவு. லட்சக் கணக்கான பிரதிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு விற்றது என்று எண்ணிப் பார்த்து, விற்காத சாமானுக்கு அடுத்த புத்தகத்தில் இடத்தைக் குறைப்பார்கள். எழுதுகிறவன் ஒரு சொல்லை வைத்தால் அந்தச் சொல் தன் வாடகையைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் வாசகர் பக்கத்தில் நெருக்கடியே கிடையாது. குளிர் காலம், வயலில் வேலை இல்லை, வீட்டில் இருப்பது வேத புத்தகமும் விலைப் புத்தகமும். பாட்டி முதல் பேரன் வரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரி விடாமல் படித்தார்கள். வாங்க முடியாத சாமானையும் படித்தார்கள். படம் வெட்டிக் காகிதப் பொம்மை செய்தார்கள். புதுப் புத்தகம் வந்தால் பழையது கொல்லைப்புறத்துக் கழிப்பிடத்துக்குப் போகும். அங்கேயும் கொஞ்சம் படித்திருப்பார்கள். எழுத இடம் சிறிது, படிக்க அவகாசம் ஏராளம். அந்த எழுத்து வளர்ந்த மண் இது.

திரைக்கு வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாயிற்று. இடத்துக்கு வாடகை இல்லை. ஆயிரம் பக்கம் எழுதினாலும் ஒரு கிராம் எடை கூடாது. அவகாசத்துக்குத்தான் பஞ்சம்.

ஸியர்ஸ் கம்பெனிக்கு இது தெரியாமலா இருந்தது என்றால், விந்தை அங்கேதான் இருக்கிறது. 1984-இலேயே ஐ.பி.எம். கம்பெனி, ஸி.பி.எஸ். ஒலிபரப்பு ஸ்தாபனம் இவர்களோடு கூட்டுச் சேர்ந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்தியும் கடையும் கொண்டு வந்து தரும் ஒரு ஏற்பாட்டை ஸியர்ஸ் ஆரம்பித்திருந்தது. ஸி.பி.எஸ். நடுவில் கழன்று கொண்டது. மற்ற இருவரும் 'பிராடிஜி' என்ற பெயரில் அதை நடத்தினார்கள். திரையின் அடிப்பாகத்தில் விளம்பரம் ஓடும். ஆக, 1993 ஜனவரியில் ஸியர்ஸின் ஒரு கையில் நூறு வருஷப் பழக்கமுள்ள கேட்டலாக், மறு கையில் கம்ப்யூட்டர்க் கடையில் பாதிப் பங்கு. கேட்டலாக் வருஷத்துக்கு 300 கோடி டாலருக்கு மேல் விற்றும் நஷ்டத்தில் ஓடிற்று என்பது உண்மை. அதற்காக ஒரு கையிலிருந்ததை 1993-இல் கீழே போட்டார்கள். 1996-இல் மறு கையிலிருந்ததையும் விற்றுவிட்டார்கள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெரிய கட்டிடத்தில் யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியவர் சொல்லி யாரும் கேட்கவில்லையா? இரண்டாவதுதான் இருக்கும் என்பது என் ஊகம். பெரிய ஸ்தாபனங்களில் எப்போதும் ஒருவருக்குத் தோன்றத்தான் செய்யும்.

மற்றவர்கள் மளமளவென்று வந்து இறங்கினார்கள். 1994 அக்டோபர் 27-ஆம் தேதி 'ஹாட்வயர்டு' என்ற வலைப் பத்திரிகையில், ஏ.டி. அண்டு டி. டெலிபோன் கம்பெனியின் விளம்பரப் பட்டை ஒன்று தோன்றிற்று. வலை விளம்பரப் பட்டைகளுக்கெல்லாம் அதையே மூதாதை என்பார்கள். 1995 ஜூலையில் அமேஸான் புத்தகக் கடை திறந்தது. சின்னதும் பெரியதுமாக எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரு வலைத்தளம் வேண்டும் என்ற ஜுரம் பிடித்தது. வலைத்தளத்தில் எதைப் போடுவது? அலமாரியில் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த கம்பெனிப் பிரசுரம் அடுக்கடுக்காகக் கிடக்கிறதே! அதை எடுத்து அப்படியே திரையில் ஒட்டினார்கள். "எங்கள் ஸ்தாபனம் தரத்தில் தலை சிறந்தது" என்று ஆரம்பித்து, தலைவரின் புகைப்படத்தோடு நாலு பாரா. சாமான் என்ன, விலை என்ன என்பது ஐந்தாவது பாராவில். அங்கே போய்ச் சேர்ந்தவர் யாருமில்லை.

ஏன் சேரவில்லை என்பதை அளந்து காட்டியவர்கள் ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் கம்பெனியில் இருந்த ஜான் மோர்க்ஸ், ஜேக்கப் நீல்ஸன் என்ற இருவர். வருஷம் 1997. முதலில் வலைப் பக்கங்களை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். நூற்றுக்கு 79 பேர் எந்தப் புதுப் பக்கத்தையும் மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். எழுதிப் பிழைக்கிறவன் இந்தக் கணக்கை ராத்திரியில் படிக்கக் கூடாது.

பிறகு ஒரு பரிசோதனை செய்தார்கள். நெப்ராஸ்கா மாகாணத்தைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று அழைக்கும் ஒரு வலைத்தளத்தை ஐந்து விதமாக எழுதினார்கள். இடங்களும் விவரங்களும் ஒன்றே. எழுத்து மட்டும் வேறு. முதலாவது, சுற்றுலாப் பிரசுரங்களில் வழக்கமாகக் காணும் நடை: உலகப் புகழ் வாய்ந்த காட்சிகள், ஆண்டுதோறும் அலை அலையாக மக்கள், இத்தியாதி. இரண்டாவதில் சொற்களைப் பாதியாக வெட்டினார்கள். மூன்றாவதில் சொற்களைத் தொடாமல், இடங்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை போட்டார்கள். நாலாவதில் பெருமையடிக்கும் சொற்களை மட்டும் எடுத்துவிட்டுச் செய்தியாகச் சொன்னார்கள். ஐந்தாவதில் மூன்றையும் சேர்த்துச் செய்தார்கள். படித்தவர்களுக்குக் கேள்வி கொடுத்து, எவ்வளவு சீக்கிரம் விடை கண்டு பிடிக்கிறார்கள், எவ்வளவு தவறு செய்கிறார்கள், எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பிடித்திருந்ததா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். முதல் பக்கத்தைவிட, சொற்களை வெட்டியது நூற்றுக்கு 58 பங்கு மேல். வரிசை போட்டது 47 பங்கு. பெருமையை எடுத்தது 27 பங்கு. மூன்றும் சேர்ந்தது 124 பங்கு மேல்.

இதில் எனக்குச் சுவாரஸ்யமானது அந்த 27. சொல் குறைந்தால் வேகமாகப் படிக்கலாம் என்பது குழந்தைக்கும் தெரியும். பெருமைச் சொல்லை எடுத்தால் ஏன் விடை கண்டு பிடிப்பது சுலபமாக வேண்டும்? அவர்கள் கொடுத்த விளக்கம் இதுதான்: உலகப் புகழ் என்று படித்த உடனே வாசகர் மனத்துக்குள், "அப்படி ஒன்றும் இல்லையே" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலோடு வாதாடுவதில் கொஞ்ச நேரமும் கொஞ்ச மூளையும் செலவாகிறது. பெருமைச் சொல் ஒவ்வொன்றும் வாசகர் தாண்ட வேண்டிய ஒரு வேலி. பிலடெல்பியாவில் பவர்ஸ் 1880-இல் மூக்கால் மோப்பம் பிடித்ததை, 117 வருஷம் கழித்து இவர்கள் தராசில் வைத்து நிறுத்திருக்கிறார்கள்.

நெப்ராஸ்கா என்ற பெயரிலும் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. வார்டும் ஸியர்ஸும் யாருக்காக விலைப் புத்தகம் எழுதினார்களோ, அந்தப் புல்வெளிக் குடியானவர்கள் வாழ்ந்த மாகாணங்களில் அதுவும் ஒன்று. விளக்கு வெளிச்சத்தில் அடுப்பு விவரத்தைச் சொல் சொல்லாகப் படித்த ஜனங்களின் தேசத்தைப் பற்றி எழுதிய பக்கத்தைத்தான் இப்போது ஜனங்கள் சொல் சொல்லாகப் படிக்க மறுத்தார்கள்.

சரி, பழைய பிரசுரத்தைக் கையில் வைத்துக் கொண்டு வலைப் பக்கம் எழுத உட்காருகிறவன் என்னதான் செய்ய வேண்டியிருந்தது? வெட்டுவது மட்டும் போதாது. புத்தகத்துக்கு வாசல் ஒன்று. அட்டை, முகவுரை, வாங்கும் விதம், பிறகு சரக்கு என்று வாசகரைக் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம். 'மேலே சொன்னபடி' என்று எழுதலாம். '214-ஆம் பக்கம் பார்க்க' என்று எழுதலாம். வலைத்தளத்துக்கு ஜன்னலெல்லாம் வாசல். தேடும் இயந்திரம் ஒருவரைக் கொண்டு வந்து நடுக்கூடத்தில் இறக்கிவிடும். அவருக்கு 'மேலே' என்பது எது? அவர் வந்து இறங்கிய பக்கமே அட்டை, அதுவே முகவுரை. ஆகையால் ஒவ்வொரு பக்கமும் தான் யார், எதை விற்கிறது, அடுத்து எங்கே போவது என்பதைத் தன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். உத்தரவாதம், தபால் செலவு இவற்றை ஸியர்ஸ் புத்தகத்தின் முன்பக்கங்களில் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதுமாயிருந்தது. வலையில் வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே அது இருந்தாக வேண்டும். மனம் தயங்குவது அங்கேதான்.

தலைப்பும் மாறிற்று. அச்சில் சிலேடைத் தலைப்பு அழகு. கீழே படம் இருக்கிறது, புரிந்துவிடும். தேடும் இயந்திரத்துக்குச் சிலேடை தெரியாது. தலைப்பில் 'செருப்பு' என்று இல்லாவிட்டால் செருப்பு தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. இதில் பழைய கெட்டிக்காரர்கள் தப்பித்துக் கொண்டார்கள். டேவிட் ஆகில்வி 1958-இல் ரோல்ஸ்-ராய்ஸ் மோட்டாருக்கு எழுதிய விளம்பரம் பிரசித்தம்: அறுபது மைல் வேகத்தில் போகும்போதும் வண்டிக்குள் பெரிதாகக் கேட்பது மின்சாரக் கடிகாரத்தின் சப்தமே என்பது தலைப்பின் கருத்து. தலைப்பிலேயே வண்டியின் பெயர் இருக்கிறது. கீழே எண் போட்ட தகவல்கள் வரிசையாக இருக்கின்றன. 'தலை சிறந்த' என்று கூவவில்லை. திரை வருவதற்குப் பல காலம் முன்பே திரைக்கு ஏற்ற பக்கம். ஆகில்வி சிறு வயதில் ஸ்காட்லாந்தில் வீடு வீடாக ஏறி அடுப்பு விற்றவர். கதவைச் சாத்துகிற மனிதர்களை நேரில் பார்த்துப் பழகியவருக்கு வலை வாசகரின் அவசரம் புதிதாக இருந்திராது.

வெட்டிச் சுருக்கியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டால் எங்கள் ஜாதிக்கு என்ன வேலை என்ற சந்தேகம் எனக்கு வந்தது. அப்போதுதான் இன்னொரு கம்பெனியின் கதை கண்ணில் பட்டது. கேரி காமர் என்பவர் பெரிய விளம்பரக் கம்பெனியில் பத்து வருஷம் வாசகம் எழுதியவர். பாய்மரப் படகுப் பைத்தியம். 1963-இல் சிகாகோவில் படகுச் சாமான் விற்க ஆரம்பித்தார். 'லாண்ட்ஸ் எண்டு' என்று பெயர். முதல் பிரசுரத்தில் அந்தப் பெயரில் மேற்கோள் புள்ளி ஓர் எழுத்துத் தள்ளி விழுந்துவிட்டது. மறுபடி அச்சடிக்கப் பணமில்லை. அச்சுப் பிழையே பெயராக நிலைத்துவிட்டது. இன்று வரை அப்படித்தான் இருக்கிறது. அச்சுப் பிழைகளோடு ஆயுள் முழுவதும் மல்லுக்கு நிற்கும் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலான செய்தி!

அவர்கள் கேட்டலாக்கில் சட்டையின் தையல் எப்படி, நூல் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் நிதானமாக எழுதினார்கள். நடுநடுவே எழுத்தாளர்களின் கட்டுரைகளையும் போட்டார்கள். 1995-இலேயே வலைக்கு வந்தார்கள். விலையும் அளவும் நிறமும் கண்ணில் படும்படி முன்னால் வைத்து, தையல் கதையை வேண்டுமென்கிறவர் திறந்து படிக்கும்படி ஓர் அடி பின்னால் வைத்தார்கள். 1999-இல், வலைப் பக்கத்தில் தடுமாறுகிறவர் கம்பெனி ஆளோடு அங்கேயே எழுதிப் பேசிக் கொள்ளும்படி ஏற்பாடு செய்தார்கள். எந்தப் பாஷையிலும் எழுதுங்கள் என்று ஸியர்ஸ் எழுதிய அழைப்பு வேறு வேஷத்தில் வந்து நின்றது என்று எனக்குப் பட்டது. நீளமான எழுத்து சாகவில்லை. அதற்கு இடம் மாறியிருக்கிறது. விரும்பி வருகிறவருக்காக உள்ளறையில் காத்திருக்கிறது.

கென்டக்கி மாகாணத்தில் 1987-இல் ஜே. பீட்டர்மன் என்பவர் ஆரம்பித்த கேட்டலாக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதில் புகைப்படமே கிடையாது. வர்ணச் சித்திரமும், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு குட்டிக் கதையும்தான். கோட்டை வாங்குகிறவர் கூடவே ஒரு பிரயாணத்தையும் வாங்கினார். 1999-இல் கம்பெனி திவாலாயிற்று. கதை எழுதியதால் அல்ல. அவசரப்பட்டு ஊர் ஊராகக் கடை திறந்ததால். பின்னால் மீண்டு வந்தபோதும் அந்தக் குட்டிக் கதைகளைக் கைவிடவில்லை. கதாசிரியன் என்ற முறையில் நான் இதைப் பாரபட்சத்தோடு சொல்கிறேன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஸியர்ஸுக்கு வருவோம். கேட்டலாக்கை மூடி ஒன்பது வருஷம் கழித்து, 2002-இல், சுமார் 190 கோடி டாலர் கொடுத்து அவர்கள் ஒரு கம்பெனியை விலைக்கு வாங்கினார்கள். அது லாண்ட்ஸ் எண்டு. கேட்டலாக் எழுத்தை வலைக்குக் கொண்டு போகும் வித்தையைத் தாங்கள் கற்காமல் விட்டு, கற்றவர்களைக் கடையோடு வாங்கப் பார்த்தார்கள். வாங்கியதைத் தங்கள் கடைகளில் ஒரு மூலையில் தொங்கவிட்டார்கள். 2014-இல் அதையும் பிரித்து அனுப்பினார்கள். 2018 அக்டோபரில் ஸியர்ஸ் திவால் மனுப் போட்டது. லாண்ட்ஸ் எண்டு தன் அச்சுப் பிழையோடு பிழைத்துக் கிடந்தது.

அந்தப் பழைய விலைப் புத்தகங்கள் போன இடம்தான் வேடிக்கை. 1897-ஆம் வருஷத்துப் பிரதியை 1968-இல் மறுபடி அச்சிட்டு, புத்தகக் கடையில் விலை வைத்து விற்றார்கள். பழைய விலைப் புத்தகத்தை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். இப்போது பல வருஷத்துப் பிரதிகள் வலையிலும் கிடைக்கின்றன. யாரும் ஒரு சொல்லை வெட்டவில்லை, வரிசை போடவில்லை. பக்கத்தைப் படம் பிடித்து அப்படியே வைத்திருக்கிறார்கள். கடிகாரப் பக்கங்கள் மிகவும் பொடி எழுத்து. திரையில் பெரிதாக்கிக் கொண்டு, ஒரு பக்கத்தை முழுசாகப் படித்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.